பெயரை எடுத்தால் போதுமா? வீட்டுக் கதையைக் கவிதையாக்குவது பற்றி

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். கைவசம் நாற்பது கவிதைவரை இருக்கின்றன. அப்பாவின் குடி, அதைச் சகித்த அம்மா, மணமுறிவுக்குப் பிறகு பள்ளிக்கூடம் போகும் மகனோடு வீட்டுக்குத் திரும்பிவிட்ட அக்கா, இவைதான் பொருள். அப்பா காலமாகிவிட்டார், மற்றவர்கள் இருக்கிறார்கள். தொகுப்பாகப் போட ஆசை. பெயர்களை மாற்றினால் போதுமா, எல்லோரிடமும் சம்மதம் கேட்க வேண்டுமா, இப்படி எழுதிய அமெரிக்கக் கவிஞர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்கிறார்.

பெயர் மாற்றுவது இந்த வேலையில் ஆகச் சின்னப் பகுதி. அது பெரும்பாலும் உதவுவதுமில்லை. ஆளைக் காட்டிக்கொடுப்பவை தகவல்கள். ஆளைப் புண்படுத்துவது, அவர் சொல்லாமல் வைத்திருந்ததை நீங்கள் சொல்லிவிடுவது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலாவதை நம் பழைய ஆட்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். அகப்பாட்டில் ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்பது தொல்காப்பிய விதி. காதலோ பிரிவோ ஊடலோ, தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கிடையாது. ஆனால் பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையை எடுத்துப் பாருங்கள். 188 அடிகளில் தலைவனின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. கணவனைப் பிரிந்த அரசியின் துயரம் அகத்துக்கே உரிய பொருள். இருந்தும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதைப் புறத்தில் சேர்த்தார். பாசறையில் பிடித்த வேலின் தலையில் வேப்பம்பூ கட்டியிருக்கிறது, வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ, ஆகவே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது என்பது அவருடைய வாதம். ஒரே ஒரு பூ போதுமாக இருந்திருக்கிறது. கொழும்புத் தமிழ் வாசகர் வட்டம் பாண்டிய நாட்டைவிட எவ்வளவோ சிறியது. ‘செட்டியார் தெருவில் கணக்கெழுதியவர்’ என்றால் நூறு பேர் இருப்பார்கள். ‘செட்டியார் தெருவில் கணக்கெழுதி, எண்பத்து மூன்றில் வீடு எரிந்து, ஒரு கால் எடுக்கப்பட்டவர்’ என்றால் ஒருவர்தான்.

ஆகவே ஒவ்வொரு கவிதையையும் எடுத்து அதிலுள்ள வேப்பம்பூக்களைத் தேடுங்கள். தொழில், குடியிருந்த ஒழுங்கை, பாடசாலை, கோயில் அல்லது சேர்ச், நோய், வருடம், குடும்பத்தில் எத்தனையாவது பிள்ளை என்பவை. இவற்றில் ஒன்று நின்றால் பிரச்சினை இல்லை. இரண்டு நின்றால் சொந்தக்காரர் கண்டுபிடிப்பார்கள். மூன்று ஒன்றாக நின்றால் பக்கத்துத் தெருவே கண்டுபிடிக்கும். கவிதைக்கு வெளியே இருப்பவற்றைத்தான் எல்லோரும் மறப்பது. கவிதையின் அடியில் போடும் திகதி, சமர்ப்பணப் பக்கம், ‘என்னுரை’யில் நன்றி சொல்லும் பெயர்கள், பின்னட்டையில் உங்கள் படத்தோடு வரும் பிறந்த ஊர், பெற்றோர் விபரம் எல்லாம் அந்த வகை. உள்ளே அக்காவை ‘அவள்’ என்று மறைத்துவிட்டு, முன்பக்கத்தில் ‘என் ஒரே அக்காவுக்கு’ என்று சமர்ப்பித்தால் மறைத்ததற்கு அர்த்தமே இல்லை.

உறவுமுறையை மாற்றித் தப்பலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அப்பாவை மாமாவாக்குவது, அக்காவைச் சித்தியாக்குவது. தமிழில் இது ஆபத்தான வேலை. நம் உறவுச் சொற்கள் அவ்வளவு துல்லியமானவை. உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு மாமா என்றால், ஒரு பாவமும் அறியாத அந்த மனிதரின் தலையில் குடியையும் அடியையும் ஏற்றிவிட்டீர்கள். மாற்றுவதானால் உங்கள் குடும்பத்தில் அறவே இல்லாத உறவுக்கு மாற்றுங்கள், அல்லது உறவுச் சொல்லையே எடுத்துவிடுங்கள். எழுவாய் இல்லாமல் வாக்கியத்தை நடத்தத் தமிழ் தாராளமாக விடும். ‘அவர்’ என்பது ஆணா பெண்ணா என்றும் சொல்லாது.

இனி அமெரிக்கர்கள். 1959 இல் ரொபேர்ட் லோவெலின் ‘லைஃப் ஸ்டடீஸ்’ தொகுப்பு வெளிவந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் எம். எல். ரோசந்தால் என்ற விமர்சகர் அதற்கு எழுதிய மதிப்புரையில்தான் ‘வாக்குமூலம்’ என்ற அடையாளம் இந்தக் கவிதைகளுக்கு ஒட்டியது. ஸ்நொட்கிராஸ், ஆன் செக்ஸ்டன், சில்வியா பிளாத் ஆகியோரும் அந்தப் பெயருக்குள் வந்தார்கள். பெயரைப் பார்த்து, இவர்கள் நடந்ததை நடந்தபடி எழுதினார்கள் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அது சரியில்லை. லோவெலே ஒரு நேர்காணலில் தகவல்களில் நிறையக் கை வைத்ததாகச் சொல்லியிருக்கிறார். வாசகருக்கு உண்மையான லோவெல் கிடைக்கிறார் என்ற நம்பிக்கை வரவேண்டும், அதுவே அவருடைய குறி. செக்ஸ்டன் போரில் இறந்த தம்பிக்கு ஒரு கவிதை எழுதினார். அவருக்குத் தம்பியே கிடையாது. பிளாத்தின் ‘டாடி’யில் தந்தையைப் புதைக்கும்போது மகளுக்கு வயது பத்து. உண்மையில் 1940 இல் தந்தை ஒட்டோ பிளாத் இறந்தபோது மகளுக்கு வயது எட்டு. தேனீக்களை ஆராய்ந்த அந்தப் பேராசிரியர் நீரிழிவில் கால் இழந்து இறந்தவர், கவிதை காட்டுவதுபோல் ஹிட்லரின் நாசிக் கட்சிக்காரர் அல்லர். பிபிசிக்காக அந்தக் கவிதையை வாசித்தபோது, இதைப் பேசுவது இப்படிப்பட்ட மனச்சிக்கலுள்ள ஒரு பெண் என்று படர்க்கையில்தான் பிளாத் அறிமுகம் செய்தார்.

இதிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் சுதந்திரம் பெரியது. திகதியை மாற்றலாம், இரண்டு இரவுகளை ஒன்றாக்கலாம், இல்லாத தம்பியைக் கூடக் கொண்டுவரலாம். ஒரு கோடு மட்டும் இருக்கிறது என்பது என் கருத்து. உயிரோடிருக்கும், அடையாளம் தெரியக்கூடிய ஒருவர் மேல் அவர் செய்யாத குற்றத்தை ஏற்றக் கூடாது. பிளாத்தின் தந்தை இறந்து 22 வருடங்களுக்குப் பிறகு எழுதிய கவிதை அது. அப்படியிருந்தும் அதை வாசித்துவிட்டு ஒட்டோ பிளாத்தை நாசி என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

லோவெலிடமே நல்ல பாடமும் கெட்ட பாடமும் சேர்ந்திருக்கின்றன. ‘லைஃப் ஸ்டடீஸ்’ வந்தபோது அவருடைய அப்பாவும் அம்மாவும் இறந்திருந்தார்கள். இத்தாலியில் இறந்த அம்மாவின் உடலைக் கப்பலில் கொண்டுவரும் கவிதையில், சவப்பெட்டியில் குடும்பப் பெயர் எழுத்துப்பிழையோடு பொறிக்கப்பட்டிருப்பதைக் காட்டுகிறார். அம்மாவைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. கௌரவமே உயிரென்று இருந்த குடும்பத்தின் பெயர் கடைசியில் தப்பும் தவறுமாகக் கிடக்கிறது, அவ்வளவுதான். 1973 இல் வந்த ‘த டொல்ஃபின்’ வேறு கதை. மனைவி எலிசபெத் ஹார்ட்விக்கையும் மகளையும் விட்டு இங்கிலாந்தில் இன்னொருவரோடு வாழப்போனார். ஹார்ட்விக் வேதனையில் எழுதிய கடிதங்களை எடுத்து, வெட்டி ஒட்டி, சொல் மாற்றி, அவருடைய குரலாகவே கவிதைகளில் வைத்தார். புத்தகம் வந்தபோது மகளுக்கு வயது 16. கையெழுத்துப் பிரதியை வாசித்த அவருடைய நெருங்கிய தோழி, கவிஞர் எலிசபெத் பிஷப், 1972 மார்ச்சில் நீண்ட கடிதம் எழுதித் தடுத்துப் பார்த்தார். கலைக்கு அவ்வளவு பெறுமதி கிடையாது என்றார். கடிதங்களுக்குச் சம்மதம் வாங்கவில்லை என்பது ஒன்று, அவற்றை மாற்றியும் விட்டீர்கள் என்பது மற்றது. பிஷப்புக்கு இரண்டாவதுதான் கூடுதலாக உறுத்தியது. உண்மையும் கற்பனையும் கலந்தால், எது அவர் சொன்னது எது நீங்கள் போட்டது என்று வாசகருக்குத் தெரியாது. ஹார்ட்விக்குக்கோ மறுக்கவும் வழியில்லை. லோவெல் சில கடிதங்களைத் தன் சொற்களுக்கு மாற்றினார், கவிதைகளின் வரிசையை மாற்றினார், பிறகு புத்தகத்தைப் போட்டார். அதற்கு 1974 இல் புலிட்சர் பரிசும் கிடைத்தது. ஹார்ட்விக்கின் குணத்தையும் மகளையும் பற்றி மதிப்புரைகள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தன.

இன்றைய நிலையில் கடிதத்தின் இடத்தில் வட்ஸ்அப் வொய்ஸ் மெசேஜ் இருக்கிறது. அக்கா இரவு ஒன்றரை மணிக்கு அழுதபடி அனுப்பியதை அப்படியே இறக்கி வைத்தால் ‘உயிருள்ள கவிதை’ என்று பாராட்டுக் கிடைக்கும். கவிதை உயிரோடிருப்பது அக்காவின் சொல்லால், அதில் உங்கள் வேலை எதுவும் இல்லை. மற்றவருடைய வாயிலிருந்து வந்த வரிகளைச் சிவப்புப் பேனையால் அடிக்கோடிடுங்கள். ஒரு கவிதையில் பாதிக்கு மேல் சிவப்பானால் அது உங்களுடையதல்ல, எடுத்து வையுங்கள்.

வாக்குமூலம் என்பது தன் குற்றத்தைச் சொல்வது. மற்றவர் குற்றத்தைச் சொல்வதற்குப் பெயர் முறைப்பாடு. முறைப்பாடுகளும் கவிதையாகலாம், பிளாத் ஆக்கிக் காட்டினார். ஆனால் அதற்கு அவருடைய கை வேண்டும். மற்ற எல்லோருக்கும் செக்ஸ்டனின் ‘த டபுள் இமேஜ்’ நல்ல பாடம். தற்கொலைக்கு முயன்று மனநல விடுதியிலிருந்து திரும்பும் மகள், அவளை மன்னிக்காத அம்மா, பாட்டியிடம் வளரும் கைக்குழந்தை என்று மூன்று தலைமுறை அதில் இருக்கிறது. தன் புற்றுநோய்க்கு மகளே காரணம் என்று அம்மா சொல்வதும் வருகிறது. ஆனால் அந்த நீண்ட கவிதை அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி முடிவதில்லை. என்னைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் உன்னைப் பெற்றேன், இதுவே என் பெரிய குற்றம் என்று குழந்தையிடம் சொல்வதில் முடிகிறது.

இதைச் சின்ன அளவில் செய்து காட்டுகிறேன். உங்கள் பொருளுக்குப் பொருத்தமாக நானே எழுதிய வரிகள், பயிற்சிக்கு மட்டும். முதல் வரைவு பெரும்பாலும் இப்படி வரும்:

அப்பா,
நீ குடித்துவிட்டு வந்தாய்
அம்மாவை அடித்தாய்
என் பிள்ளைப் பருவத்தைக் கொன்றுபோட்டாய்

இதில் தப்பு, கோபம் அல்ல. இந்த நான்கு வரியையும் யாரும் எந்த வீட்டிலிருந்தும் எழுதலாம். அப்பாவும் தெரியவில்லை, எழுதியவரும் தெரியவில்லை. ‘கொன்றுபோட்டாய்’ என்ற சொல் வாசகருக்கு வேலையே வைக்காமல் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. அந்த வயதில் உங்கள் உடம்பு என்ன செய்துகொண்டிருந்தது என்று தேடுங்கள். காது, கை, படுக்கை, கதவு.

பத்துமணிக் கோச்சி போன பிறகு
கேற்றுக் கொளுக்கி
ஒரு தரம் சத்தம் போட்டால் அப்பா.
இரண்டு தரம் என்றால் வெறி.
இரண்டாவது சத்தத்துக்கு முன்பே
தங்கச்சியின் காதைப் பொத்திவிடுவேன்.
அம்மாவின் காதை யார் பொத்துவது என்று
ஒரு நாளும் யோசித்ததில்லை.

‘அடித்தார்’ என்று எங்கும் வரவில்லை. கோச்சி, அதாவது ரயில், இருப்பதால் கடற்கரைப் பக்கம் என்று தெரியும், அங்கே ஆயிரம் வீடுகள் இருக்கின்றன, ஆள் தெரியாது. இந்த வரிகளில் குற்றத்தை ஏற்பது கடைசி இரண்டு வரிகளில் பேசுபவர். அம்மா இதை வாசித்தால் வலிக்கும். ஆனால் அவமானம் வராது, அவர் மறைத்து வைத்திருந்த எதையும் இது அவிழ்க்கவில்லை. இந்த வேறுபாட்டைத்தான் ஒவ்வொரு கவிதையிலும் பார்க்க வேண்டும். ‘நீ’யா ‘நீங்கள்’ளா, ‘வந்தான்’னா ‘வந்தார்’ஆ என்பதையும் விளையாட்டாக விட வேண்டாம். குடித்துவிட்டு வரும் அப்பாவுக்கும் மரியாதை விகுதி போடும் குழந்தையின் வாக்கியத்தில் அந்த வீட்டின் பயம் முழுவதும் வந்துவிடும். கோபத்தைக் காட்டவென்று ‘வந்தான்’ போட்டால் பேசுவது குழந்தையாக இராது, இன்றைய நீங்களாகிவிடும்.

குடிகார அப்பாவை எழுதுவதற்குக் கொழும்பில் பிறந்த கவிஞர் மைக்கேல் ஒண்டாச்சி நல்ல துணை. அப்பாவைப் பற்றிய ஒரு கவிதையில் குடியின் கோமாளித்தனங்களையும் அழிவையும் மறைக்காமல் சொல்கிறார். பக்கத்திலேயே அந்த மனிதர் எழுதிய அன்பும் நகைச்சுவையும் நிறைந்த கடிதங்களை வைக்கிறார். குடிக்காத நேரத்து அப்பா ஒரு கவிதையிலாவது இல்லாவிட்டால், உங்கள் தொகுப்பை அம்மா நம்பமாட்டார். வாசகர்களும்தான்.

வடிவமும் ஒரு காவல். ஸ்நொட்கிராஸ் மணமுறிவில் பிரிந்த மகளுக்கு எழுதிய ‘ஹார்ட்ஸ் நீடில்’ தொடரில் பத்துக் கவிதைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பத்தியமைப்பு, எதுகை எல்லாம் கறாராக இருக்கும். அழுகை வரும் இடத்தில் எதுகை தேடவேண்டியிருந்தால் அழுகை தானாக அளவுக்கு வரும். புதுக்கவிதைக்காரர் சிரிக்கலாம். ஆனால் நீங்கள் ஆகக் கூடுதலாக அழுது எழுதிய கவிதை ஒன்றை அகவலில் திரும்ப எழுதிப் பாருங்கள். தேவையில்லாத வரிகள் எவை என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். கடைசியில் வைத்துக்கொள்வது நீங்கள் முதலில் எழுதிய வடிவத்தையானாலும் பரவாயில்லை.

இனிச் சம்மதம். எல்லோரிடமும் கேட்கத் தேவையில்லை. ஒரு தாளில் நான்கு நிரல் போடுங்கள்: கவிதை, அதில் வருபவர், அது அவிழ்க்கும் விஷயம், அந்த விஷயம் ஏற்கெனவே யாருக்குத் தெரியும். அப்பா குடித்தது ஒழுங்கைக்கே தெரியும் என்றால் அதில் இரகசியம் இல்லை. அக்காவின் கல்யாணம் ஏன் முறிந்தது என்பது உங்கள் மூவருக்கு மட்டும் தெரியும் என்றால், அந்தக் கவிதை அக்காவின் சொத்து. அவர் ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம். இறந்தவர் விஷயத்தில் உங்களுக்கு ஆகக் கூடிய உரிமை உண்டு, அம்மாவுக்கு வலிக்காத அளவில். ஆகக் குறைந்த உரிமை சிறுவர் விஷயத்தில். அக்காவின் மகன் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான். அவனுடைய தகப்பனைப் பற்றிய கவிதையை அவனுடைய வகுப்புப் பிள்ளை ஒருவன் போனில் எடுத்து நீட்டுவான். இந்த வகைக் கவிதைகளை நான் இரக்கமே இல்லாமல் வெளியே எடுப்பேன். எழுதியதைக் கிழிக்க வேண்டாம், தள்ளி வைத்தால் போதும். அமெரிக்கக் கவிஞர் ஷரன் ஓல்ட்ஸ் தன் மணமுறிவைப் பற்றிப் பத்து வருடம் ஒன்றும் வெளியிடமாட்டேன் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தார். மணம் முறிந்தது 1997 இல், அதைப் பற்றிய ‘ஸ்டாக்ஸ் லீப்’ தொகுப்பு வந்தது 2012 இல். அதற்கும் புலிட்சர் கிடைத்தது, காத்திருந்ததால் கவிதை ஆறிப்போகவில்லை.

காட்டும் விதமும் முக்கியம். ‘போடட்டுமா?’ என்று கேட்டால் தலையாட்டுவார்கள் அல்லது சண்டை வரும். கவிதையைத் தாளில் அச்செடுத்து, அவர் வரும் கவிதைகளை மட்டும், தனியாக இருக்கும் நேரத்தில் கொடுத்து, ‘இதில் எந்த இடம் பிழை?’ என்று கேளுங்கள். ஒரு கிழமை விடுங்கள். அநேகமாக நீங்கள் பயந்த வரியை விட்டுவிட்டு வேறொன்றைக் காட்டுவார்கள்: ‘அந்தச் சாரி பச்சை இல்லை’, ‘அன்றைக்கு நான் அழவில்லை’. சாரியின் நிறத்தை நீங்கள் விரும்பினால் மாற்றலாம். ‘நான் அழவில்லை’ என்பதை மாற்றித்தான் ஆக வேண்டும், அது அவருடைய மானம். வட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பாதீர்கள். இரவுக்குள் கனடாவிலும் லண்டனிலும் உள்ள சொந்தம் முழுவதும் வாசித்துவிடும், அதுவும் தொகுப்பு இல்லாமல், அந்த ஒரு கவிதையை மட்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையில் குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டது. நட்டஈடு கேட்கும் சிவில் வழக்கு இருக்கிறது. நம்முடைய உரோமன் டச்சுச் சட்ட வழக்கில் ‘உண்மைதானே’ என்பது மட்டும் போதாது, வெளியிட்டதில் பொது நன்மையும் இருக்க வேண்டும். அக்காவின் முன்னாள் கணவர் உங்கள் ஆட்களில் ஆகக் கூடுதலாக வழக்குப் போடக்கூடியவர் என்பதை மறக்க வேண்டாம். கடிதத்தின் தாள் உங்களிடம் இருந்தாலும் அதன் பதிப்புரிமை எழுதியவருக்கே. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அவர் இறந்து 70 வருடம்வரை அது நீடிக்கும். பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் அடையாளம் தெரியும்படி அச்சிடுவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். அப்படி ஏதும் இருந்தால் அச்சுக்குப் போகுமுன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

நாற்பதில் இருபத்தைந்து மிஞ்சினால் நல்ல தொகுப்புத்தான். வரிசையில் கவனம் வையுங்கள். அடுத்தடுத்து வரும் இரண்டு கவிதைகள், தனித்தனியே சொல்லாத ஒன்றைச் சேர்ந்து சொல்லிவிடும். அப்பாவின் கவிதைக்குப் பின்னால் உடனே அக்காவின் கணவர் கவிதை வந்தால், ‘அப்பனைப் போல் ஒருத்தனைத் தேடிக் கட்டினாள்’ என்று நீங்கள் எழுதாத ஒரு வரியை வாசகர் எழுதிக்கொள்வார். வேண்டுமென்றே செய்தால் சரி, தற்செயலாக நடக்க விடாதீர்கள்.

கடைசியாக வெளியீட்டு விழா. தமிழ்ச் சங்கத்தில் வைத்தாலும் வேறு மண்டபத்தில் வைத்தாலும் முன்வரிசையில் உங்கள் வீட்டார்தான் இருப்பார்கள், முதற்பிரதி பெறுவதும் அநேகமாக அம்மாவாகத்தான் இருக்கும். நம் மேடைகளில் ஆய்வுரை செய்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ‘இது கவிஞரின் சொந்த வாழ்க்கை, நான் அந்தக் குடும்பத்தை அறிவேன்’ என்று தொடங்கி, நீங்கள் பாடுபட்டு எடுத்த வேப்பம்பூ முழுவதையும் ஒலிவாங்கியில் திரும்பக் கட்டிவிடுவார்கள். பேச அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்: ‘பேசுபவர்’ என்று சொல்லலாம், ‘இவருடைய அப்பா’ என்று சொல்ல வேண்டாம். எந்தக் கவிதையை மேடையில் வாசிப்பது என்பதையும் அவர்களிடம் விடாமல் நீங்களே குறித்துக் கொடுங்கள்.